நாலு பங்குச் சஹன்

"சிபானாவ நினைச்சித்தான் மெடம், நாங்க இதக் கண்டுபிடிச்ச."

ஹுஸ்னியா இப்படிச் சொன்னதும் மாணவிகளின் ஓய்வறை முழுக்கச் சிரிப்பு. சிபானாவும் சிரித்தாள். பாவம், வேறென்ன செய்வாள்?

முயற்சியாண்மையும் புத்தாக்கமும் என்ற பாடத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு புதுப் பொருள் செய்து காட்ட வேண்டும். அதில் ஒன்று மட்டும் கல்முனைக் கண்காட்சிக்குப் போகும். அந்த ஓர் இடத்துக்காக ஹுஸ்னியா மாதக்கணக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கொண்டுவந்தது சஹன். கலியாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அதே பெரிய தட்டுத்தான். ஆனால் அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக, கழற்றிப் பூட்டக்கூடிய ஓர் அலுமினியத் தடுப்பு. ஆளுக்கொரு பங்கு.

"பிரச்சினை என்ன?" என்று கேட்டார் விரிவுரையாளர். எதற்கும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.

"ஒராள் முந்திக் கையப் போட்டா மத்தாக்களுக்கு இறைச்சி மிஞ்சாது மெடம். நம்மட சிபானா சஹன்ல குந்தினா, சோத்தத் தொட முந்தி கோழியிலதான் கை. ஆர்ர பங்கெண்டும் பாக்கமாட்டா. கோழிக் கள்ளி எண்டுதான் நாங்க கூப்பிடுற."

"சரி, சாப்பிட்டுக் காட்டுங்க."

ஹுஸ்னியாவும் அவள் குழுவிலிருந்த சஹ்லா, சிபானா, முனவ்வறா மூவரும் பாயில் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பெரிய கோழித்துண்டு. பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சிபானாவின் கை முனவ்வறாவின் பக்கம் போய்த் தடுப்பில் முட்டியது.

"பாருங்க மெடம்! மதில் இரிக்கக்குள்ளயே கை எங்க போகுதெண்டு!"

மறுபடி சிரிப்பு. சிபானா கையை இழுத்துக்கொண்டாள்.

மூன்று பங்கு முடிந்தது. முனவ்வறாவின் கோழி மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"ஏன் முனவ்வறா, கோழி நல்லமில்லையா?"

"வயிறு நிறைஞ்சிட்டு மெடம்."

வெறுஞ்சோறு நாலு வாய் தின்றவளுக்கா வயிறு நிறையும்? ஹுஸ்னியா அப்போதுதான் அவளுடைய வலக்கையைப் பார்த்தாள். விரல்கள் கோழியைப் பிடிக்கின்றன, வழுக்குகின்றன, மறுபடி பிடிக்கின்றன. போன வருடம் ஓட்டோ புரண்டு முறிந்த கை. கட்டு அவிழ்த்த அன்றைக்கே சுகமாகிவிட்டது என்று சொன்னாள், எல்லோரும் நம்பிவிட்டார்கள். இடக்கையால் சாப்பிட அவள் ஒருநாளும் சம்மதிக்க மாட்டாள்.

அப்படியென்றால் இவ்வளவு நாளும் சஹனில் எப்படிச் சாப்பிட்டாள்?

சிபானா முந்திக்கொண்டு பிய்த்த கோழியெல்லாம் எந்தப் பக்கம் போனது என்று ஹுஸ்னியாவுக்கு இப்போது நினைவு வந்தது. அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதோ சொல்லப்போனவளைச் சிபானா பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

ஹுஸ்னியா தடுப்பை அப்படியே கழற்றி எடுத்தாள்.

"இது சரிவராது மெடம். பிரச்சினைய நான் பிழையா விளங்கிட்டன்."

"கண்காட்சிக்குப் போக வேணாமா?"

"வேணும் மெடம். ஆனா இதோட வேணாம்."

விரிவுரையாளர் முனவ்வறாவின் கையை ஒருதரம் பார்த்தார், பிறகு ஹுஸ்னியாவை.

"என்ன பிழையெண்டு நான் கேக்கல்ல. வாற திங்கள் வரைக்கும் டைம் தாறன். இப்ப பாத்த மாதிரி நல்லாப் பாத்து, வேறயொண்டு செஞ்சிட்டு வாங்க."

தடுப்புப் போனதும் சிபானா வழக்கம்போல முனவ்வறாவின் கோழியில் பாய்ந்தாள். கூடவே ஹுஸ்னியாவும் பாய்ந்தாள்.

"அல்லாஹ்வே, இப்ப ரெண்டு கோழிக் கள்ளிகள்!" என்று யாரோ கத்த, அறையே அதிர்ந்தது.

"ஓங்கா, எனக்கும் கோழியெண்டா உசிர்" என்றாள் ஹுஸ்னியா, பிய்த்த துண்டை மெல்ல முனவ்வறாவின் பக்கம் தள்ளியபடி.