டிரம்முக்குள் நின்றவள்

மொட்டை மாடியில் இருக்கும் உர டிரம்மை அகற்றக் குடியிருப்புச் சங்கம் கொடுத்த கெடு காலை பத்து மணியோடு முடிந்தது. செயலாளர் மனோகரன் இரண்டு ஆட்களுடன் மேலே வந்தபோது எஸ்தர் அந்த டிரம்முக்குள் நின்றிருந்தாள். முழங்கால்வரை காய்த்தோலும் சருகும் மட்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு மாதம் போனால் அவளுடைய இருபது செடிகளுக்கும் அதுதான் சோறு. முருங்கைக்கீரையை உருவி மடியில் போட்டுக்கொண்டு, ஈர்க்குகளைக் காலடியில் எறிந்துகொண்டிருந்தாள்.

“இறங்குங்க மேடம். குப்பையில நிக்கிறீங்க.”

“குப்பைன்னா சும்மா கெடக்கும் சார். இது சுடுது. கைய விட்டுப் பாருங்க.”

மனோகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அவங்களோட சேத்தே தூக்குங்கப்பா.”

“தூக்குங்கண்ணா” என்றாள் எஸ்தர். “போற வழியில எங்க வீட்டு அடுப்ப அணைச்சிருங்க. பருப்பு வேகுது.”

இருவரில் மூத்தவர் குனிந்தார். விளிம்பைப் பிடிக்காமல் கையை உள்ளே விட்டார்.

“ஆமா சார். காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கு.”

“நீ தூக்குய்யா.”

அவர் கையை வெளியே எடுக்கவில்லை. எஸ்தர் அடுத்த ஈர்க்கை அந்த மணிக்கட்டின்மேல் படாமல் போட்டாள்.