ஒற்றைக்கால் சிறுத்தை

"உங்க சிறுத்தைக்கு ஒரே ஒரு கால்தானா, அண்ணே?"

ஆராய்ச்சிக்காரி கோபத்தில் கேட்கவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். மலை ஏறி இறங்கியதில் அது என்றைக்கோ தீர்ந்துவிட்டது. சுரங்கத்தை இந்தப் பக்கமும் நீட்டினால் எந்தெந்த விலங்குக்குப் போக்கிடம் இல்லாமல் போகும் என்று அறிக்கை தர வந்தவள் அவள். துணைக்கு வந்த ஆட்டுக்காரர் சேற்றில் காட்டிய தடம் அத்தனையும் இடது முன்னங்கால்.

ஆட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். கட்டையில் தானே செதுக்கிய கால்தான் என்று ஒப்புக்கொண்டார். சிறுத்தை இருக்கிறது என்று தெரிந்தால் சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்காது, அடிவாரத்து வீடு தப்பும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மத்த காலையும் செதுக்கியிருக்கலாம்ல?"

"ஒண்ணுக்கே கையெல்லாம் கொப்பளிச்சுப் போச்சும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இதற்கு முன் இரண்டு மலைகளுக்கு, எந்த விலங்கும் கண்ணில் படவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். இரண்டும் இன்று பள்ளம்.

"சிறுத்தை இருக்குன்னு எனக்கும் தோணுதுண்ணே. தோணுறதை எல்லாம் எழுத முடியாது."

மரங்களில் கட்டியிருந்த கேமராக்களில் ஆடுகளையும் ஆடும் கிளைகளையும் தவிர எதுவும் சிக்கவில்லை. கடைசிக் கேமராவின் கார்டை மடிக்கணினியில் செருகினாள். ஒரே ஒரு படம். விடியாத வெளிச்சத்தில் ஆட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, கட்டைக்காலைச் சேற்றில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"இதை மட்டும் அழிச்சிடுங்கம்மா. என் மருமகன் பாத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

பாவம், வீடுதான் போகப்போகிறது, மானமாவது மிஞ்சட்டும் என்று அவள் தலையாட்டினாள். அழிக்கப் போன விரல் பாதியில் நின்றது. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"அழிக்க மாட்டேண்ணே. அறிக்கையில முதல் பக்கமே இதுதான்."

ஆட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டவன் இல்லை, கதி கெட்டுப்போய்த்தான் செய்தேன் என்று முனகினார்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"குனிஞ்சு வேலை பாத்தீங்களே, ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால், பாறைமேல் சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு சிறுத்தை அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.