பாதிக் கடிகாரம்

டாக்டர் வைத்த ஞாபகப் பரீட்சையில் என் மனைவி செண்பகவல்லி முழு மதிப்பெண் வாங்கியதற்குக் காரணம் நான்தான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வேறு எதற்கு உதவுவான்? என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து, தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது எல்லாவற்றையும் ஒரு வாரமாக அவளை உருப்போட வைத்திருந்தேன்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க சார். வயசுதான்," என்றார் டாக்டர், எங்களை அனுப்பிவிடும் குரலில்.

அந்த நிம்மதியோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக அவள் வலது கைக்கு மட்டும்தான் வளையல் போடுகிறாள்.

"டாக்டர், பிட் கொடுத்தது நான். வேற கேள்வி வைங்க."

அவர் என்னை முறைத்துவிட்டு, வட்டம் வரைந்த தாள் ஒன்றை அவளிடம் நீட்டினார். "இதைக் கடிகாரமா நினைச்சு எண் போடுங்கம்மா."

செண்பகவல்லி பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, "போதுமா?" என்றாள். இடது பாதி வெறுமையாக இருந்தது. தட்டிலும் இடப்பக்கத்துச் சோற்றை அப்படியே வைத்துவிடுவாள். என் சமையலைப் பற்றிய விமர்சனம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

டாக்டரின் குரல் மாறியது. "இடப்பக்கம் இவங்க கவனத்துக்கே வரலை. மூளையில கட்டி ஏதும் இருக்கான்னு பார்க்கணும். இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க சார்."

என்ன செய்கிறது என்று கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்லைங்க" என்றே சொல்லிவந்தவள் அவள். அவளுக்கு இடப்பக்கம் இருந்த நான் எழுந்து, வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கா செண்பகம்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இருக்குங்க. எழுந்திரிங்க, ஸ்கேன் எடுத்துட்டே வீட்டுக்குப் போயிடலாம்."