கட்டம் போட்ட வாசல்

“எழுபத்தோரு மணி நேரம் ஆச்சு. மூணு நாளா என் வீட்டு வாசல் என் கண்ணுக்குத் தெரியலை.”

குவைத்திலிருந்து இலக்கியாவின் கணவன் கோபிநாத் பேசினான். ஸ்பீக்கரில் போட்ட செல்போனை அவள் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அறந்தாங்கியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் சந்தோஷ்குமார், நிலைக்குப் பக்கத்தில் பதித்திருந்த கேமரா காலிங்பெல்லைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“வைஃபை நல்லா இருக்குண்ணே. ரீசெட்டும் பண்ணிப் பாத்துட்டேன். பெல்லுக்குக் கரண்டே வரலை.”

“ஏன் வரலைன்னு பக்கத்துல நிக்கிறவளைக் கேளு. பிசிக்ஸ் படிச்சவ.”

இலக்கியா போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

பெல் செத்துக் கிடந்த இரண்டாம் நாள் அவள் மணமேல்குடியிலுள்ள தாய்வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, தலை சீவிவிட்டு, நாலு மணி நேரத்தில் ஆவுடையார்கோவிலுக்குத் திரும்பிவிட்டாள். கல்யாணத்தில் அவள் வீட்டாரோடு வந்த சண்டையைக் கோபிநாத் இன்னும் விடவில்லை. “அங்க போனா அங்கயே இருந்துக்க” என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன். கொல்லையில் வழி கிடையாது. வீட்டுக்கு இந்த ஒரே வாசல்தான்.

கூடத்தில் மாமியார் பிரகதாம்பாள் சின்ன உரலில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தாள்.

“பாக்குவெட்டி மொக்கையாப் போச்சு. இந்த வீட்டுல ஒரு சாமானும் உருப்படியா இல்ல. இதுல மணி ஒண்ணுதான் கேடு.”

“கோவிச்சுக்காதீங்க ஆத்தா. சரியானதும் வேற சத்தம் வச்சுத் தாரேன். நாய் கொரைக்கிற மாதிரிகூட இருக்கு.”

“அதுக்கு ஆளு குவைத்துல இருக்கான்.”

சந்தோஷ்குமார் சிரித்துவிட்டு, போன் நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். பெல்லுக்குப் பின்னாலிருந்த ஒயரை இழுத்தான். ஒரு முழ நீளம் துண்டாகக் கையோடு வந்தது.

“அண்ணே, ஒயர் அறுந்திருக்கு.”

“எலியா?”

“எலி கடிச்சா பல்லு தடம் இருக்குமேண்ணே. இது ஒரே வெட்டு.”

சொன்ன பிறகுதான் அவன் இலக்கியாவின் முகத்தைப் பார்த்தான். போனில் கோபிநாத்தின் குரல் உயர்ந்தது.

“அம்மா! இந்த மூணு நாள்ல இவ எங்கயாச்சும் போனாளா?”

அன்றைக்கு இலக்கியா பையோடு கிளம்பியபோது மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று தெரியவில்லை.

பாக்கு இடிக்கும் சத்தம் நின்றது.

“எங்கடா போவா? கொல்லையில துணிய அலசிக்கிட்டுக் கெடந்தா. சோப்புல பாதி கரைஞ்சுபோச்சு.”

இலக்கியா மெல்ல மூச்சு விட்டாள். கோபிநாத் விடுவதாக இல்லை.

“அப்ப ஒயரு தானா வெட்டிக்கிச்சாக்கும். இருக்கட்டும், லீவுக்கு வந்து பேசிக்கிறேன். தம்பி, ஒயரைப் பைப்புக்குள்ள விட்டு இழு. இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. அப்படியே கேமரா காவல் பாக்குற கட்டத்தையும் பெருசாக்கு.”

சந்தோஷ்குமார் ஒயரை இணைத்தான். தன் செல்போனில் ஆப்பைத் திறந்தான். வாசல் தெரிந்தது. அதன்மேல் விரலால் நீலக் கட்டம் ஒன்றை இழுத்தான்.

“எதுவரைக்கும்ணே?”

“கேட் வரைக்கும். கோலம் போடுற எடம் முழுசும் உள்ள வரணும். எங்கப்பாவுக்கு அந்த எடம் உசுரு. அம்மா வாசலை அடைச்சுக் கோலம் போடுவாங்க, கால் வைக்க எடமிருக்காது. அப்பா வேலை விட்டு வந்தா, குனிஞ்சு அதை நல்லாப் பாத்துட்டுத்தான் செருப்பையே கழட்டுவாரு. அப்படி ஒரு ரசனை.”

மாலை போட்ட படத்துக்குள் மாமனார் ஆத்மநாதன் விறைப்பாக இருந்தார். அவர் போனதிலிருந்து பிரகதாம்பாள் கோலமாவைத் தொட்டதில்லை. புருசன்மேல் அவ்வளவு பிரியம் என்று தெருவே சொல்லும்.

அவள் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிச் சந்தோஷ்குமாரின் செல்போனைப் பார்த்தாள்.

“என்ன தம்பி இது, நீலமா?”

“இதுக்குள்ள யாரு கால் வச்சாலும் அண்ணன் போனுக்குத் தகவல் போயிரும் ஆத்தா. உள்ளேயிருந்து போனாலும் சரி, வெளியேருந்து வந்தாலும் சரி.”

“மிதிச்சுட்டா, அழிச்சுட்டு மறுபடி அதே மாதிரி போட்டுற முடியாதா?”

“இது என்ன கோலமா ஆத்தா, அழிச்சு அழிச்சுப் போட?”

அவன் பெல்லைத் திருகி இறுக்கினான். “முடிஞ்சுதுக்கா. வெளிய நின்னு ஒரு தடவை அமுக்கிப் பாருங்க.”

இலக்கியா நகர்வதற்குள் மாமியார் படி இறங்கிவிட்டாள். காலையில் இலக்கியா போட்ட கோலத்தின் நடுவில் போய், இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். திரும்பி வந்து மணியை அமுக்கினாள்.

பெல்லுக்குள்ளிருந்து கோபிநாத்தின் குரல் வந்தது. “யாரு? அட, அம்மாவா! பளிச்சுன்னு தெரியிறீங்க. ஏதாச்சும் பேசுங்க, கேக்குதான்னு பாப்போம்.”

“ஒயரை வெட்டுனது இவ இல்லடா. நான்தான், பாக்குவெட்டியால.”

“அம்மா?”

“இன்னொண்ணும் கேட்டுக்க. ஒங்கப்பன் தெனம் குனிஞ்சு பாத்தது கோலத்தை இல்ல. நான் படி தாண்டுன தடம் அதுல இருக்கான்னு.”