வைஸின் கடி

மைசூர் சந்தேப்பேட்டை இரும்புக்கடையில் சாயங்கால வெயில் அரங்களின் மேல் மின்னுகிறது. அக்ரஹாரத்துப் பெண்கள் சேர்ந்து திறக்கும் பொதுப் பட்டறைக்குச் சாமான் எடுக்க வந்திருக்கிறாள் ராஜலக்ஷ்மி. ஏமாந்து திரும்பினால், 'பெண்களுக்கு இதெல்லாம் ஆகாது' என்று பட்டறைச் சாவி ஆண்கள் கைக்குப் போய்விடும். "ஒள்ளே மாலு அம்மா, நல்ல சரக்கு, கண்ணை மூடிட்டு எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் ஷெட்டி, சாமானை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ் ஒன்றை நகர்த்துகிறார். "திறந்துண்டே எடுத்துக்கறேனே" என்று அவள் அதன் வாயில் காகிதத்தை வைத்துத் திருகி, இரு மூலைகளையும் இழுக்கிறாள். வலது நிற்கிறது, இடது வழுக்கிக்கொண்டு வருகிறது. "ஒரு பக்கமாத்தான் மெல்லும் போலிருக்கே, ஷெட்ரே!" சரக்கு பார்க்கத் தெரியாதவர்களுக்கு முன்வரிசை, தெரிந்தவர்களுக்கு உள்ளறை என்பது கடைத்தெருவின் சாஸ்திரம். ஷெட்டி உள்ளேயிருந்து கிரீஸ் மணக்கும் சாக்கில் சுற்றிய வேறொரு வைஸைத் தூக்கி வருகிறார். இந்த வைஸில் காகிதம் கிழிகிறதே தவிர நழுவவில்லை. முன்வரிசை ரம்பங்களின் பக்கம் அவள் திரும்புவதற்குள், "அதெல்லாம் வேண்டாம், உள்ளேயே வாங்கம்மா" என்று அவர் உள்ளறை விளக்கைப் போடுகிறார்.