பூசுகிறவளுக்கு மேடையில் என்ன வேலை?

ஓவியமும் இசையும் சேர்ந்து நடத்தும் புதுமாதிரிக் கச்சேரி அது. ஓவியத் துணியில் தன் முடி உரசும் ஓசையை மைக்கில் கேட்கவைக்கும் ஆசையோடு தூரிகை மேடையேறினாள்.

மிருதங்கம் சீறினார். "ஏம்மா, பூசுறவளுக்கு மேடையில என்ன வேலை? இந்தச் சரசரப்பெல்லாம் சங்கீதமா? இறங்கு!"

"கேட்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்பா? இறங்க மாட்டேன்."

சங்கீதம் எதுவென்று காட்ட அவர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இடப்பக்கம் 'டொக்' என்றது. அங்கே அப்பியிருந்த ரவைப் பசை காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. ஈர ரவை இல்லாமல் அவருக்குக் கனத்த நாதம் எழும்பாது.

"கொஞ்சம் ரவை பூசிவிடேன், தாயி," என்றார் மெதுவாக.

"பூசுறேன், வித்வானே. ஆனா இங்கேயே, மைக் முன்னாடிதான். அந்தச் சரசரப்பையும் சபை கேட்கட்டும்!"