சரியான வருத்தம்

"பிள்ளைக்குச் சரியான வருத்தம். நாலு நாளாச் சாப்பிடுறாள் இல்லை," என்றார் சாந்தகுமாரி.

மொழிபெயர்க்க வந்திருந்த ஜ்யோத்ஸ்னா அதை டாக்டருக்கு ஹிந்தியில் சொன்னாள். குழந்தை ரொம்ப உதாஸாக இருக்கிறதாம், அந்தச் சோகத்தில் சாப்பிட மாட்டேன் என்கிறதாம்.

அகதிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் டெல்லி போகல் சமுதாயக் கூடத்தில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாம் அது. மாணவர் சங்கச் செயலாளர் என்பதால் பேனரில் என் பெயர் பெரிதாக இருந்தது.

அந்த டாக்டரைப் பிடிக்க மூன்று மாதம் அலைந்திருந்தேன். அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்களைக்கூடப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள்.

அன்றைக்கு அவர் கொடுக்க ஒப்புக்கொண்டதில் இன்னும் இரண்டு சீட்டுதான் பாக்கி.

டாக்டர் குழந்தையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யுத்தம் பார்த்த குழந்தைகள் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு டானிக்கை எழுதிவிட்டு, ஜல்தி ஜல்தி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜ்யோத்ஸ்னா குழந்தையின் கன்னத்தைத் தட்டி, எங்கே சிரி பார்க்கலாம் என்று கொஞ்சினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரிகைக்காரர் ஓடி வந்து அதைப் படம் பிடித்தார்.

நான் குழந்தையைப் பார்த்தேன்.

அம்மாவின் தோளில் துவண்டு கிடந்த குழந்தை ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தது. வெள்ளை விழி முழுக்க மஞ்சள். அந்தக் கூடத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சாந்தகுமாரியின் ஊரில் வருத்தம் என்றால் நோய். சரியான வருத்தம் என்றால் கடுமையான நோய். டெல்லி சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்த ஜ்யோத்ஸ்னாவுக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு புரியவில்லை என்று அவளை எப்படித் திட்டுவது?

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உதாஸ் இல்லை, பீமார்; சோகம் இல்லை, நோய். அவ்வளவுதான்.

கதவருகே மஃப்டியில் நின்ற போலீஸ்காரர், இலங்கையிலிருந்து வந்தவர்களின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மதுரைப் பையனான உனக்கு இந்தப் பேச்சு எப்படிப் புரிகிறது என்று அவர் கேட்டுவிட்டால்? எங்கேயோ படித்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் துப்பில்லை.

ஒரு சீட்டு முழங்கால் வலிக்குப் போயிற்று. கடைசிச் சீட்டு யாருக்குப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாந்தகுமாரி டானிக் பாட்டிலோடு என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கோ."

போலீஸ்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வருத்தப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாயிரும்," என்றேன், சுத்தமான மதுரைத் தமிழில்.

சாந்தகுமாரி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வருத்தம் என்றால் கவலை என்று என் நாக்கைப் பழக்க, மண்டபம் கரையில் அகதிப் படகைவிட்டு இறங்கிய நாளிலிருந்து எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.